புனிதா டேப்பில் இருக்கிறது

ஒன்பதாம் கட்டை ரப்பர்த் தோட்டத்தில் தொலைக்காட்சித் தமிழ்ச் செய்தி தொடங்கிவிட்டால் போதும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எந்தக் குழந்தை அழுதாலும் தாய்க்காரி அதன் வாயைப் பொத்திவிடுவாள். நாட்டு நடப்பைத் தெரிந்துகொள்ளும் ஆசையால் அல்ல. செய்தியின் நடுவில் மலாக்காவிலிருந்து ஒரு துண்டு வரும். படத்தில் யாராவது ஒரு தலைவர் மாலை வாங்கிக்கொண்டிருப்பார். குரல் மட்டும் பால்வெட்டுக்காரி கருப்பாயியின் மகள் புனிதாவுடையது. கடைசியில் அந்தக் குரல், "மலாக்காவிலிருந்து புனிதா முத்தையா" என்று முடிக்கும். அதற்குப் பிறகுதான் லயம் மூச்சு விடும்.

மெர்லிமாவைத் தாண்டி உள்ளே போகிற செம்மண் சாலையில் இருந்தது அந்தத் தோட்டம். புனிதாவின் அப்பா முத்தையா அவளுக்கு ஆறு வயதாகும்போது காய்ச்சலில் போய்விட்டார். கருப்பாயி ஒற்றை ஆளாய் மரம் சீவி அவளைப் பள்ளி இறுதியான ஐந்தாம் படிவம் வரை படிக்க வைத்தாள். படித்து முடித்ததும் பத்து பெரண்டாம் என்ற ஊரில் மின்னணுத் தொழிற்சாலை. தலையில் துணித்தொப்பி மாட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடிக்கு அடியில் மயிரிழைக் கம்பிகளை ஒட்டுகிற வேலை. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கதை பேச, புனிதா ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டிருப்பாள். தோட்டத்தில் தண்ணீர் நின்றுபோனது, கோவில் திருவிழா நடந்தது, பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகியது, எல்லாம் கோலாலம்பூர் தமிழ்ப் பத்திரிகைக்குப் போகும். நாலுக்கு ஒன்று அச்சாகும்.

தொண்ணூற்று ஒன்றில் தொலைக்காட்சிக்காரர்கள் மலாக்காவுக்கு ஒரு தமிழ் நிருபர் வேண்டும் என்று தேடினார்கள். எழுதத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் வந்தார்கள். வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் குரலில் பிசிறு கிடையாது; நல்ல வெட்டுக்காரி கத்தி பிடித்த மாதிரி ஒரே சீராக இறங்கும். அன்றிலிருந்து தலைவர்கள் எங்கே போனாலும் புனிதா பின்னால் போனாள். தேர்தல், கட்சிக் கூட்டம், அடிக்கல் நாட்டு விழா, எதுவும் விடவில்லை. கேமரா பிடிக்கிறவர் ரிஸால். மலாக்கா டவுனில் மளிகைக் கடை வைத்திருந்த ஹபீபுல்லாவின் மூத்த மகன்.

அவர்கள் வேலை செய்த விதத்தைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. தமிழ்ச் செய்தியில் அவர்களுக்குக் கிடைத்தது ஒன்றரை நிமிஷம். அதில் எந்தத் தலைவரின் சொந்தக் குரலும் வராது. படம் ஓடும், அதன்மேல் புனிதா வாசிப்பாள். எழுதியதைப் பொதுத் தொலைபேசியில் கோலாலம்பூர் ஆசிரியர் காளிதாஸுக்குப் படித்துக் காட்டுவாள். அவர் வெட்டுவதை வெட்டி, ஒட்டுவதை ஒட்டுவார். பிறகு ரிஸாலின் பழைய வேனில் கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, வேர்த்து விறுவிறுக்க அவள் வாசித்துப் பதிவு செய்வாள். டேப் விரைவு பஸ் டிரைவர் கையில் போகும். இரண்டு நாளில் அதே பஸ்ஸில் திரும்பி வரும். மாதத்துக்குப் பத்து டேப்தான். ஆகவே வந்த டேப்பிலேயே அடுத்த கூட்டத்தை எடுப்பார்கள். புதியது ஏற ஏற, பழையது அழியும்.

தொண்ணூற்று ஐந்து சித்திரையில் பொதுத்தேர்தல் வந்தது. தோட்டத்தை யாருக்கோ விற்கப் போகிறார்கள் என்று அதற்கு முன்பே காற்றுவாக்கில் பேச்சு. எங்கே போவது என்று நாற்பத்திரண்டு குடும்பமும் கவலையில் கிடந்தது. அந்த நேரம் பார்த்து, டத்தோ பட்டம் வாங்கிய வேட்பாளர் கோவில் திடலுக்கு வாக்குக் கேட்டு வந்தார்.

தோட்டக் கமிட்டித் தலைவர் சாமிநாதன் முப்பது வருஷம் ஆட்களை மேற்பார்க்கிற மண்டோர் வேலை பார்த்தவர். வாய்ச்சொல்லை நம்புகிற ஆள் இல்லை. ஆபிஸ் எழுத்தரான கிராணியிடம் சொல்லி ஒரு தாள் தட்டச்சு அடித்து வைத்திருந்தார். நிலம் கைமாறினாலும் நாற்பத்திரண்டு குடும்பத்துக்கும் அதே இடத்தில் வீடு என்று அதில் இருந்தது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

டத்தோ மேடையில் பேசினார். நன்றாகவே பேசினார்.

"இந்த எடத்த யாரு வாங்குனாலும் சரி, உங்க வீட்டு மேல ஒருத்தன் கை வைக்க முடியாது. இதே மண்ணுல உங்களுக்குச் சொந்த வீடு கட்டிக் குடுக்கறேன். இது என் வாக்கு!" என்று நெஞ்சில் கையை வைத்தார்.

திடலே கைதட்டியது. கருப்பாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாமிநாதன் தாளை எடுத்துக்கொண்டு மேடைப் பக்கம் நகர்ந்தார். புனிதாதான் குறுக்கே போனாள்.

"என்னா மாமா இது?"

"கையெழுத்து வாங்கிக்கிறேன்மா. பேச்சு பேச்சா இருக்கட்டும், தாளு தாளா இருக்கட்டும்."

"ஊரு பாக்கச் சொல்லிட்டாரு. கேமராவுல ஏறியாச்சு. இதுக்கு மேல மூஞ்சிக்கு நேரா தாள நீட்டுனா, நம்பலைன்னு ஆயிடாதா? கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாருன்னா? டேப்ப விடப் பெரிய சாட்சி இல்ல மாமா."

"அதானே!" என்று பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் சேர்ந்துகொண்டாள். "தாளக் கரையான் தின்னுரும்யா. நம்ம பொண்ணு டேப்புல இருக்கு. டிவிக்காரி சொல்லுறா, மண்டோரு மறுக்குறாரு பாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். சாமிநாதன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டத்தோ கார் ஏறிப் போய்விட்டார்.

புனிதா வேண்டுமென்று செய்யவில்லை. ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் ஒரு பக்கம். தன் தொழில் ஒரு தாளைவிட உசத்தி என்கிற நினைப்பு ஒரு பக்கம். அந்த நினைப்பும் இருந்தது. இல்லை என்று மறைக்க முடியாது.

பஸ் நிலையத்துத் தொலைபேசியில் காளிதாஸ் கேட்டுக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"வாக்குக் குடுத்தாருன்னு போட முடியாதும்மா."

"அவர் வாயாலயே சொன்னாரு சார்."

"சொன்னாரு, சரி. நாளைக்கு இல்லேம்பாரு. அப்ப என் கழுத்துலதான் கத்தி. எழுதிக்க. 'தோட்ட நிலத்தில் வரவிருக்கும் மேம்பாட்டுத் திட்டத்தை மக்கள் மகிழ்ச்சியுடன் வரவேற்றனர்.'"

"யாரும் அப்பிடி வரவேற்கலையே சார்."

"கை தட்டினாங்களா இல்லையா?"

"தட்டினாங்க."

"அதான் வரவேற்பு. போ, பஸ் கெளம்பிடும்."

புனிதா வேனுக்குள் உட்கார்ந்து அந்த வரியை வாசித்தாள். குரல் பிசிறவில்லை. நான் என்ன வாசித்தால் என்ன, டேப்பில் அவர் பேசியது அப்படியே கிடக்கிறது என்று நெஞ்சைத் தேற்றிக்கொண்டாள். மறுநாள் செய்தியில் அந்தத் துண்டு வந்தபோது ஒன்பதாம் கட்டையில் ஒரே கூச்சல். "ஏய், பெத்தம்மா தெரியுறா!" "அந்தா என் மகன்!" தன் மூஞ்சியைப் பார்த்த களிப்பில் ஒருவருக்கும் காது இல்லை. புனிதா என்ன வாசித்தாள் என்று யாரும் கேட்கவே இல்லை.

டத்தோ ஜெயித்தார், இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. தொண்ணூற்று ஏழு தை மாதம் கழித்து, வீட்டுக்கு வீடு ஒரு கடிதம் வந்தது. தோட்டம் விற்றாயிற்று. வாங்கிய கம்பெனி அங்கே கோல்ஃப் திடல் போடப் போகிறது. ஆறு மாதத்தில் காலி செய்ய வேண்டும். பாமாயில் தரும் செம்பனைத் தோட்டங்களில் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்று கடைசியில் ஒரு வரி, பெரிய மனது பண்ணி.

சாமிநாதனும் இன்னும் நாலு பேரும் டத்தோவின் ஆபிஸுக்குப் போனார்கள். டத்தோ வெளிநாட்டில் இருந்தார். அவருடைய காரியதரிசி நல்ல குளிர்பானம் கொடுத்தான். "டத்தோ கவனிக்கிறேன்னுதான் சொன்னாரு. வாக்குன்னெல்லாம் சொல்லல," என்றான். திரும்பி வந்தவர்கள் யாரும் பயப்படவில்லை. "சொல்லலையாமே, சொல்லல! புனிதா டேப்புல இருக்குல்ல, போட்டுக் காட்டினா மூஞ்சிய எங்க வச்சுக்குவான்?" என்று லயம் முழுக்க ஒரே பேச்சு.

மலாக்காவில் கணேஸ்வரன் என்று ஓர் இளம் வக்கீல் வழக்கை எடுத்துக்கொண்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "வாக்குக் குடுத்ததுக்கு ஆதாரம் வேணும். அந்த டேப் இருந்தா தடை உத்தரவு கேக்கலாம். இல்லாட்டி கஷ்டம்லா."

அன்று மத்தியானமே புனிதா ஹபீபுல்லாவின் கடைக்கு ஓடினாள். ரிஸால் வெங்காய மூட்டையின் மேல் உட்கார்ந்து கேமரா பேட்டரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தேர்தலப்ப எங்க தோட்டத்துல எடுத்தோமே. அந்த டேப் எங்க?"

ரிஸால் அவளைப் பார்த்தார். பேட்டரியைக் கீழே வைத்தார்.

"தேர்தல் முடிஞ்ச மறுநாளு கோலா சுங்கை பாருவுல மீனவர் சங்கக் கூட்டம் எடுத்தோம்ல? அதுலதான் ஏத்தினோம்."

"எதுலண்ணே?"

"உங்க தோட்டத்து டேப்புல. கையில வேற இல்ல புனிதா. 'முடிஞ்சதுல ஒண்ண எடுங்கண்ணே, கூட்டம் ஆரம்பிச்சிட்டாங்க'ன்னு நீதானே சொன்ன."

அவள்தான் சொல்லியிருந்தாள். அவளுக்கே ஞாபகம் வந்தது. வலை காய்கிற நாற்றமும், மீனவர் சங்கத் தலைவருக்குப் போட்ட பிளாஸ்டிக் மாலையும்கூட ஞாபகம் வந்தன. வெங்காய மூட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஹபீபுல்லா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "புள்ளைக்கு என்னா ஆச்சு, தண்ணி குடுடா," என்றார்.

ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. ஒளிபரப்பான துண்டுகளைக் கோலாலம்பூரில் சேர்த்து வைப்பார்கள். மறுநாள் முதல் பஸ்ஸில் போனாள். காளிதாஸ் கேள்வி கேட்கவில்லை. தானே அலமாரியைத் துழாவி எடுத்து ஓடவிட்டார்.

கோவில் திடல் வந்தது. ஜனங்கள் வந்தார்கள். டத்தோ வந்தார், விரலை உயர்த்தினார். வாய் திறந்து திறந்து மூடியது. பிறகு நெஞ்சில் கை வைத்தார். 'இது என் வாக்கு' என்று சொன்ன அதே நொடி. அந்த உதட்டிலிருந்து அவருடைய குரல் வரவில்லை. புனிதாவின் குரல் வந்தது. தோட்ட நிலத்தில் வரவிருக்கும் மேம்பாட்டுத் திட்டத்தை மக்கள் மகிழ்ச்சியுடன் வரவேற்றனர். அடுத்த படத்தில் கருப்பாயி கண்ணைத் துடைத்தாள். பார்க்கிறவனுக்கு அது ஆனந்தக் கண்ணீர்.

"இன்னொரு தரம் போடுங்க சார்."

"எத்தன தரம் போட்டாலும் அதான்மா இருக்கும்."

"அடியில அவர் குரல் இருக்காதா? கொஞ்சமாச்சும்?"

"உன் குரல ஏத்தினதும் அதத்தான் எடுத்துடறோமே." காளிதாஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனுஷர் இல்லை, பயந்த மனுஷர். "இத இப்பிடியே விட்டுடு புனிதா. கோர்ட்டுக்கு நீ போனா இது உன் பின்னாடியே வரும். மக்களுக்கும் உதவாது, உனக்கும் வேலை இருக்காது. அம்மாவ டவுனுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிரு. இப்பத்திக்கு அதான் புத்தி."

பஸ்ஸில் திரும்பி வந்த இரண்டு மணி நேரமும் புனிதா வேறு எதையும் நினைக்கவில்லை. அங்கே நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் காத்திருப்பார்கள். தன் பையைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அப்படித்தான் பார்த்தார்கள். கோவில் வாசலில் நின்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். டேப்பை அழித்ததும் தான், அந்த வரியை வாசித்ததும் தான் என்று சொன்னாள். வாசித்த வரியையும் சொன்னாள். முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் பெத்தம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

"தவளை தன் வாயால கெடும்பாங்க. இங்க ஒரு தவளை கத்துனதுக்குக் குளமே காலியாப் போச்சு. எவ்ளோ குடுத்தான்டி டத்தோ?"

"அத்தே, நான் வாங்கல."

"வாங்காமயா வரவேற்ற? நாங்களாடி வரவேற்றோம்? என் மூணு புள்ளையும் இந்த லயத்துலதான் பொறந்துச்சு!"

யாரோ மண்ணை வாரித் தூற்றினார்கள். கருப்பாயி மகளுக்கு முன்னால் வந்து நின்றாள். கூட்டம் கலைந்த பிறகு சாமிநாதன் மட்டும் மிச்சமிருந்தார். அந்தத் தாளை ஏன் தடுத்தாய் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை.

"டேப்பு போனாப் போவுது. நாங்க சொன்னா வீட்டுக்காகச் சொல்றோம்னு தள்ளிடுவாங்க, நீ நிருபர். உன் காதால கேட்டல்ல? கேட்டத கோர்ட்டுல சொல்லுவியா?"

"சொல்றேன் மாமா."

"வேலை போயிரும்கிறாங்க."

"போவட்டும்."

ஆடி மாதம் வழக்கு விசாரணைக்கு வந்தது. லயத்து ஜனம் லாரி பிடித்து மலாக்காவுக்குப் போனது. தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு பெத்தம்மாளும் வந்தாள். ஏசினாலும் ஆசை விடுமா? சாட்சிக் கூண்டில் ஏறிய புனிதா, டத்தோ சொன்னதை எழுத்துக்கு எழுத்து சொன்னாள். கணேஸ்வரன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. சாமிநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். ஒரு தொலைக்காட்சிப் பெட்டியை உருட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

ஒன்றரை நிமிஷம்தான் ஓடியது. இந்தத் தடவை லயத்து ஜனம் யாரும் தன் மூஞ்சியைத் தேடவில்லை. எல்லாருக்கும் காது இருந்தது.

"இது யாருடைய குரல்?" என்று வக்கீல் மலாயில் கேட்டார்.

"என் குரல்."

"மக்கள் வரவேற்றதாக நீங்கள் நாட்டுக்கே அறிவித்திருக்கிறீர்கள். அது உண்மையா?"

சொல்லிவிடு என்பதுபோல் கணேஸ்வரன் தலையை லேசாக அசைத்தார். எடுத்துக்கொடுத்தது யார், திருத்தியது யார் என்று சொல்லித் தப்பிக்க இடம் இருந்தது. காளிதாஸுக்கு மூன்று பெண் பிள்ளைகள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"இல்லை. பொய்."

"அப்படியானால் பொய்யைத் தெரிந்தே வாசித்தீர்கள்?"

"ஆமாம்."

"வேலைக்காக?"

"ஆமாம்."

"அன்றைக்கு வேலைக்காகப் பொய் சொன்னவர், இன்றைக்கு வீட்டுக்காக உண்மை சொல்கிறீர்கள். அந்தத் தோட்டத்தில் உங்கள் தாயாருக்கும் வீடு இருக்கிறது, இல்லையா?"

அவர் கேட்டதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை, அதுதான் கொடுமை. இரண்டு வாரத்தில் தீர்ப்பு வந்தது. எழுத்தில் எதுவும் இல்லை, முக்கிய சாட்சியும் தன் வாயாலேயே தன்னை மறுத்தவள், தடை உத்தரவு தர இயலாது. அதே வாரம் தொலைக்காட்சியிலிருந்தும் ஒரு கடிதம் வந்தது. நாலு வரிதான். ரிஸால் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வேனிலிருந்து இறங்காமலே கொஞ்ச நேரம் அழுதுவிட்டுப் போனார்.

ஒவ்வொரு வீடாகக் காலியானது. சிலர் செம்பனைத் தோட்டங்களுக்கு, சிலர் டவுனில் பிள்ளைகள் வீட்டுக்கு, பெத்தம்மாள் ஜொகூரில் இருந்த மகளிடம். போகும்போது புனிதாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. புனிதாவுக்குப் பத்து பெரண்டாமில் பழைய தொழிற்சாலையே வேலை கொடுத்தது. அங்கே அடுக்கு வீட்டில் நாலாம் மாடியில் ஓர் அறை பார்த்துவிட்டு, அம்மாவை அழைத்துப் போக வாடகை லாரியோடு வந்தாள்.

கருப்பாயி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மூட்டை ஒன்றே ஒன்று. இரண்டு சேலையும் சாமி படமும்.

"மத்ததெல்லாம் எங்கம்மா?"

"அது கெடக்கட்டும்."

"அண்டா, கட்டிலு, அம்மி?"

"கெடக்கட்டும்னேன்ல. சாமிநாதன் மேல்கோர்ட்டுக்குப் போறேன்னு சொல்லியிருக்காரு. அந்த டத்தோவும் மனுஷன்தானே, மனசு மாறுவான். எண்ணி ஒரு மாசத்துல வந்துருவோம். கோழிக்குக்கூட பத்து நாளைக்கு நொய்யு போட்டு வச்சிட்டேன்."

அந்தப் பக்கம் மூன்றாம் லயத்தின் தகரங்களைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். சாமிநாதன் மேல்கோர்ட் என்று சொல்லி இரண்டு வாரம் ஆயிற்று. கணேஸ்வரன் அப்போதே கையை விரித்துவிட்டார். அது புனிதாவுக்குத் தெரியும். ஆமாம்மா, வந்துருவோம் என்று ஒரு வரி சொன்னால், அம்மா எழுந்து லாரியில் ஏறிவிடுவாள். அப்படி இதமாக ஒரு வரி சொல்வதற்கு அவளுக்குத் தொழிலே பழக்கியிருந்தது.

அவள் அம்மாவுக்கு எதிரே மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, மேல்கோர்ட்டுக்குப் போவல. வக்கீல் வேணாம்னுட்டாரு. டத்தோ மனசு மாற மாட்டாரு. நாம திரும்பி வர மாட்டோம்."

"ஒரு மாசத்துல..."

"ஒரு மாசத்துலயும் வர மாட்டோம். எப்பவும் வர மாட்டோம்மா. நாளைக்கு இந்த வீட்ட இடிக்கிறாங்க."

லாரிக்காரன் மறுபடி ஹாரன் அடித்தான். கருப்பாயி அவனைப் பார்த்து, "இருடா, உயிரா போவுது?" என்று ஒரு சத்தம் போட்டாள். பிறகு முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள்.

"வர மாட்டோம்ல?"

"வர மாட்டோம்."

"அப்ப அத மொதல்லயே சொல்றதுக்கு என்னா?" முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "கோழியப் பிடி. நீ அந்தப் பக்கமா வா, நான் இந்தப் பக்கம் மறிக்கிறேன். செவலை ஓடும், பாத்து."